மாற்றுவதானால் குத்தியிலிருந்து தொடங்கட்டும்

வாசகர் கேள்வி:

சேர், நான் சாய்ந்தமருதில் சிறிய பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். கடையைத் தொடங்கியவர் என் வாப்பா. நீரிழிவால் அவருக்குப் பார்வை போய்விட்டது. ஆனாலும் நான் சாமான் எடுக்கக் கல்முனைக்குப் போகும் நேரங்களில் அவர்தான் காசு லாச்சியைப் பார்த்துக்கொள்கிறார். தாள்காசைத் தடவிப் பார்த்து ஓரளவு சொல்லிவிடுவார், நாணயக் குத்திகளில்தான் தடுமாறுகிறார். பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் ராத்தாவின் மகன், நாட்டின் காசு முழுவதையும் புதிதாக வடிவமைக்க வேண்டும், தாள்களைப் பொலிமர் என்ற பிளாஸ்டிக்குக்கு மாற்ற வேண்டும், நூறு ரூபாயை ஒரு ரூபாயாக்குவதுபோலப் பூச்சியங்களைக் குறைக்க வேண்டும் என்று வாதாடுகிறான். புதிய 2000 ரூபாய்த் தாள் வந்ததிலிருந்து உம்மாவுக்கு வேறு கவலை. 1970இல் தன்னுடைய வாப்பா நெல் விற்று வைத்திருந்த நூறு ரூபாய்த் தாள்கள் செல்லாமல் போனதை அவர் இன்றும் சொல்லுவார். தங்கையின் கலியாணத்துக்கென்று அலுமாரியில் சேர்த்து வைத்திருக்கும் காசுக்கும் அந்தக் கதி வருமா என்று கேட்கிறார். உண்மையில் ஒரு நாடு தன் காசின் வடிவத்தை மாற்றத்தான் வேண்டுமா?

பதில்:

அன்புத் தம்பிக்கு,

முதலில் உம்மாவின் கவலையைத் தீர்த்துவிடுவோம். வீட்டில் ஒருவர் பயந்துகொண்டிருக்கும்போது வடிவமைப்பைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

புதிய தாள் வருவதும் பழைய தாள் செல்லாமற் போவதும் இரண்டு வெவ்வேறு காரியங்கள். 2025 ஓகஸ்டில் மத்திய வங்கி தன் 75ஆவது ஆண்டு நிறைவையொட்டி 2000 ரூபாய் ஞாபகார்த்தத் தாளை வெளியிட்டது. அதனால் வேறெந்தத் தாளும் செல்லுபடியை இழக்கவில்லை. 2006இல் சிகிரியாவின் படத்தோடு வந்த பழைய 2000 ரூபாய்த் தாள், அடுத்த தொடரில் இடம்பெறாமல் போனாலும், இன்றும் செல்லும். அலுமாரியில் அப்படி ஒன்று இருந்தால் அதுவும் காசுதான் என்று உம்மாவிடம் சொல்லுங்கள்.

1970இல் நடந்தது வேறு. அந்த ஆண்டு ஒக்டோபர் 25ஆம் திகதி, நிதியமைச்சராக இருந்த என்.எம். பெரேரா, அதுவரை புழங்கிய 50, 100 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவித்தார். சில நாள் அவகாசத்துக்குள் வங்கியில் ஒப்படைக்க வேண்டும். கணக்கில் காட்டாத பணத்தை வெளியே கொண்டுவருவதுதான் நோக்கம். ஆனால் அன்று இந்தக் கரையோரத்தில் எத்தனை பேருக்கு வங்கிக் கணக்கு இருந்திருக்கும்? வயல் வேலையும் கடல் வேலையும் பார்த்தவர்களின் வீடுகளில் இருந்ததும் நேர்மையாக உழைத்த காசுதான். கறுப்புப் பணத்துக்கு வைத்த பொறி பெட்டகத்தில் நெல்லுக் காசு வைத்திருந்தவரையும் பிடித்தது. உங்கள் உம்மா இன்னும் அதை மறக்காமல் இருப்பதில் எனக்கு வியப்பே இல்லை. வங்கியின் காசுப் பகுதியில் வேலை பார்த்த காலத்தில், பெரிய தாள்களை வாங்கத் தயங்கிய முதியவர்கள் பலரைக் கண்டிருக்கிறேன். விசாரித்தால் அந்த ஆண்டைத்தான் சொல்வார்கள்.

இந்தியாவில் 2016 நவம்பர் 8ஆம் திகதி இரவு 500, 1000 ரூபாய்த் தாள்களைச் செல்லாதென்று அறிவித்தபோது, புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் ஏறத்தாழ 86 வீதம் முடங்கிப்போனது. மாற்றாக வந்த தாள்களின் அளவு வேறு என்பதால், காசு எடுக்கும் இயந்திரங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியிருந்தது. வடிவத்தை மட்டும் மாற்றுகிறோம் என்று தொடங்கிய நைஜீரியாவில் நடந்தது இன்னும் நேரான பாடம். 2022 ஒக்டோபரில் 200, 500, 1000 நைரா தாள்களுக்குப் புதிய தோற்றம் என்று அறிவித்தார்கள். டிசம்பர் நடுப்பகுதியில் புதிய தாள் வெளிவந்தது. ஜனவரி 31உடன் பழையது செல்லாது என்று கெடு வைத்தார்கள். புதிய தாள் போதிய அளவு கைக்கு வரவில்லை. கெடுவைப் பெப்ரவரி 10 வரை நீட்டியும் வங்கி வாசல்களில் வரிசை குறையவில்லை. சந்தையில் காய்கறி விற்பவரிடம் வாங்க ஆள் இருந்தும், கொடுக்கக் காசில்லை. கடைசியில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தலையிட்டு, பழைய தாள்கள் 2023 முடியும்வரை செல்லும் என்று தீர்ப்பளித்தது.

ஆகவே என்னுடைய முதல் நிபந்தனையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எந்த வடிவத்தை வேண்டுமானாலும் மாற்றட்டும், பழையதற்குக் கெடு வைக்கக் கூடாது. கெடு வைக்காத மாற்றம் நடக்காத காரியமுமல்ல. அமெரிக்கா 1861இலிருந்து வெளியிட்ட எந்தத் தாளையும் இன்றுவரை செல்லாதென்று சொன்னதில்லை. இங்கிலாந்து வங்கி, புழக்கத்திலிருந்து எடுத்துவிட்ட தன் பழைய தாள்களை எத்தனை ஆண்டு சென்று கொண்டுபோனாலும் மாற்றிக்கொடுக்கிறது. 1970ஐ விட்டுவிட்டால், நம் மத்திய வங்கியும் தொடருக்குத் தொடர் இந்த ஒழுங்கைத்தான் காத்துவந்திருக்கிறது. 2011இல் இன்றைய தாள்கள் வந்தபோது பழையவை கடைகளிலும் வங்கிகளிலும் கூடவே புழங்கி, தேய்ந்து, மெல்ல மெல்லத்தான் மறைந்தன. யாரும் வரிசையில் நிற்கவில்லை.

இனி வாப்பாவின் விடயம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அதுதான். நாட்டின் காசை மாற்ற வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதிலும் அதிலேதான் இருக்கிறது.

வாப்பாவின் சிறுவயதுக் காசை நினைத்துப் பாருங்கள். ஐந்து சதம் சதுரமாக, மூலைகள் மழுங்கி இருந்தது. பத்துச் சதம் பூவிதழ்போல் விளிம்பு வளைந்து வந்தது. இருபத்தைந்து சதமும் ஐம்பது சதமும் வட்டம், ஆனால் பருமன் வேறு. இருட்டில் மடியைத் துழாவி எடுத்தாலும் எது எது என்று விரல் சொல்லிவிடும். வாசிக்கத் தெரியாத கிழவி ஒருத்தியும் மிச்சக்காசில் ஏமாறாமல் வீட்டுக்குப் போக முடிந்தது. காசை வடிவமைத்தவர்கள் கண்ணை மட்டும் நம்பியிருக்கவில்லை.

2017இல் என்ன நடந்தது? 1, 2, 5, 10 ரூபாய்க் குத்திகள் எல்லாவற்றையும் துருப்பிடிக்காத உருக்கில் வார்த்தார்கள். அதற்குமுன் ஒரு ரூபாயும் ஐந்து ரூபாயும் மஞ்சள் நிறம், இரண்டும் பத்தும் வெள்ளை. புதியவை எல்லாமே ஒரே வெள்ளை. செலவு குறைவு, நீண்ட காலம் உழைக்கும் என்பது நியாயமான காரணம்தான். ஆனால் ஒன்று, இரண்டு, ஐந்து மூன்றும் ஒரே நிறத்தில், ஒரே வட்டத்தில், சிறு அளவு வேற்றுமையோடு வந்ததால், நல்ல கண்ணுள்ள பஸ் நடத்துநரே இரண்டு ரூபாயை ஐந்தென்று கொடுத்துவிடுகிறார். உங்கள் வாப்பா தடுமாறினால் அது அவருடைய விரலின் குறை அல்ல. அவரைக் கணக்கில் எடுக்காமல் செய்த காசு அது. அதிலும் நீரிழிவு முற்றியவர்களுக்கு விரல் நுனியின் உணர்வும் மங்கத் தொடங்கும். சிறு வேற்றுமைகள் அவர்களுக்கு எட்டாமலே போய்விடும்.

இத்தனைக்கும், நல்ல குத்தி செய்ய நம்மவர்களுக்குத் தெரியும். 2010இல் பத்து ரூபாய்த் தாளுக்குப் பதிலாக வந்த குத்திக்குப் பதினொரு பக்கங்கள். மத்திய வங்கியின் 70ஆவது ஆண்டையொட்டி வந்த 20 ரூபாய்க் குத்தி ஏழு பக்கங்களோடு பொன்னிறத்தில் இருக்கிறது. இரண்டையும் வாப்பாவின் கையில் கொடுத்துப் பாருங்கள், உடனே பிரித்துச் சொல்லிவிடுவார். 2013ஆம் ஆண்டு என்று பொறித்து, இருபத்தைந்து மாவட்டங்களுக்கும் ஒவ்வொன்றாகப் பத்து ரூபாய்க் குத்தி வெளியிட்டார்கள். மட்டக்களப்புக்கு ஒன்று, அம்பாறைக்கு ஒன்று. சேகரிப்பவர்களுக்கு அது பெரிய மகிழ்ச்சி. எங்கள் வங்கிப் பக்கமும் கேட்டு வந்தவர்கள் உண்டு. முன்பக்கத்துப் படத்துக்கு அவ்வளவு அக்கறை எடுக்க முடிந்த ஒரு நிறுவனம், விளிம்புக்கும் அதே அக்கறையை எடுக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

வெளிநாடுகளில் குத்தியை மாற்றிய இரண்டு சந்தர்ப்பங்களைச் சொல்லலாம். பிரித்தானியாவின் வட்டமான ஒரு பவுண் குத்தியில் முப்பதில் ஒன்று போலி என்று மதிப்பிடப்பட்டது. 2017 மார்ச்சில் பன்னிரண்டு பக்கங்களும் இரண்டு நிற உலோகமும் கொண்ட புதிய பவுணைக் கொண்டுவந்தார்கள். போலி செய்வது கடினம், விரலால் அறிவது எளிது. பழையதை அந்த ஒக்டோபரில் கடைப் புழக்கத்திலிருந்து எடுத்தாலும் வங்கிகளில் வைப்பிலிடலாம் என்று வழி வைத்திருந்தார்கள். இந்தியாவும் 2019இல், பார்வையற்றோரை மனத்தில் வைத்து 1, 2, 5, 10, 20 ரூபாய்க் குத்திகளின் புதிய தொடரை வெளியிட்டது. அதில் 20 ரூபாய்க்குப் பன்னிரண்டு பக்கங்கள். இரண்டு நாடுகளும் குத்தியைத் தொட்டது அழகுக்காக அல்ல. குத்தி தன் வேலையைச் செய்யவில்லை என்று கண்டபிறகுதான்.

நம் தாள்கள் அந்த வேலையை ஓரளவு நன்றாகவே செய்கின்றன. இது பலருக்குத் தெரியாது. இப்போதுள்ள தொடரில் எல்லாத் தாளுக்கும் அகலம் 67 மில்லிமீற்றர். நீளம் மட்டும் படிப்படியாகக் கூடுகிறது: 20 ரூபாய் 128, 50 ரூபாய் 133, 100 ரூபாய் 138, 500 ரூபாய் 143, 1000 ரூபாய் 148, 5000 ரூபாய் 153. ஒவ்வொரு படிக்கும் 5 மில்லிமீற்றர். ஓரத்தில் மேலெழும்பிய புள்ளிகளும் உண்டு. ஆனால் தாள் பழசானதும் அந்தப் புள்ளிகள் தட்டையாகிவிடுகின்றன. அதனால்தான் உங்கள் வாப்பாவால் ‘ஓரளவு’ மட்டும் சொல்ல முடிகிறது. அமெரிக்காவின் தாள்கள் எல்லாம் ஒரே அளவு. அது பார்வையற்றோருக்கு இழைக்கும் அநீதி என்று வழக்குப் போட்டு, 2008இல் மேன்முறையீட்டிலும் வென்றார்கள். தாளின் அளவை அவர்கள் இன்னும் மாற்றவில்லை, அதை வாசித்துச் சொல்லும் சிறு கருவியை இலவசமாகக் கொடுக்கிறார்கள். அந்த ஒன்றில் நாம் அவர்களைவிட முன்னே நிற்கிறோம். புதிய வடிவம் வரும்போது இந்த 5 மில்லிமீற்றர் வேற்றுமையை யாராவது சிக்கனம் என்று சொல்லிக் குறைத்துவிடக் கூடாது. இந்தியாவின் புதிய தாள்களில் அதுதான் நடந்தது. 100, 200, 500 ரூபாய்த் தாள்களுக்கிடையே நீள வேற்றுமை வெறும் 4 மில்லிமீற்றராகச் சுருங்கியது. பார்வையற்றோர் நீதிமன்றம் சென்றார்கள். 2020இல் ரிசர்வ் வங்கி, தாளைக் கமெராவில் காட்டினால் மதிப்பைச் சொல்லும் ‘மணி’ என்ற செயலியை வெளியிட்டது. நல்ல செயலிதான். ஆனால் லாச்சிக்கு முன்னால் மூன்று பேர் நிற்கும்போது ஒவ்வொரு தாளையும் கைத்தொலைபேசியில் காட்டிக்கொண்டிருக்க யாரால் முடியும்?

மருமகனின் பொலிமர் யோசனையை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். நம் தாள்கள் பருத்தி நாரில் ஆனவை. கல்முனை மீன் சந்தையிலோ வாழைச்சேனைத் துறையிலோ ஈரக்கையால் நாளெல்லாம் புழங்கும் 50, 100 ரூபாய்த் தாள்கள் என்ன நிலையில் வங்கிக்கு வரும் என்று எனக்குத் தெரியும். மணக்கும், ஒட்டிக்கொள்ளும், எண்ணும் இயந்திரம் அவற்றைத் துப்பிவிடும். பொலிமர் நீரை உறிஞ்சாது. காகிதத் தாளைவிட இரண்டரை மடங்கு காலம் நிலைக்கும் என்பது பிரித்தானியாவின் கணிப்பு. அவுஸ்திரேலியா 1988இலேயே இதைத் தொடங்கிவிட்டது. நம் நாட்டிலும் ஒரு முறை செய்து பார்த்தார்கள்: 1998 பெப்ரவரியில், சுதந்திரத்தின் 50ஆவது ஆண்டுக்கு, 200 ரூபாய் பொலிமர் தாள் வந்தது. அதைத் தொடரவில்லை.

பொலிமருக்கு மாறுவதானால் சிறிய தாள்களில்தான் அதற்குப் பொருள் உண்டு. 5000 ரூபாய்த் தாள் அலுமாரியிலும் வங்கியிலும் தூங்குகிறது, அது தேய்வதில்லை. தேய்வது ஏழையின் கையிலிருக்கும் தாள். ஆனால் தாளும் மையும் பாதுகாப்பு இழையும் டொலர் கொடுத்து வரவேண்டியவை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அறிவித்த ஒரு நாடு, எல்லாத் தாளையும் ஒரே மூச்சில் மாற்றுவது சரியல்ல. ஐம்பதிலும் நூறிலும் தொடங்கி, நம் வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் அது எப்படித் தாங்குகிறது என்று பார்த்துவிட்டு மேலே போகலாம்.

மருமகன் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன், இது கடைக்காரராகிய உங்களுக்கு நன்றாக விளங்கும். ஒரு நாட்டின் காசு 1, 2, 5 என்ற படியில் ஏறினால் மிச்சம் கொடுக்க மிகக் குறைந்த தாள்கள் போதும். நம்மிடம் 20, 50, 100 இருக்கிறது. பிறகு 500க்குத் தாவிவிடுகிறது. நடுவில் 200 இல்லை. 600 ரூபாய்க்குச் சாமான் வாங்கியவர் ஆயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் நீங்கள் நான்கு நூறு ரூபாய்த் தாள்களை எண்ண வேண்டும். காலையில் இரண்டு பேர் அப்படி வந்தால் உங்கள் நூறு ரூபாய்கள் தீர்ந்துவிடும், பக்கத்துக் கடைக்கு ஓட வேண்டும். இந்தியாவில் இதே இடைவெளி இருந்தது; 2017இல் 200 ரூபாய்த் தாளைக் கொண்டுவந்து அடைத்தார்கள். 2000 ரூபாய்த் தாள் மேலே இருந்த இடைவெளியை நிரப்பியிருக்கிறது. ஞாபகார்த்தமாக வந்த அது நிரந்தரமாகவே இருந்தால் நல்லது. ஆனால் அன்றாடக் கடைக்கு 2000ஐவிட 200தான் அவசரம். என்னைக் கேட்டால் அடுத்து அச்சிட வேண்டிய ஒரே புதிய தாள் அது.

கீழ்ப்படியில் நேர்மாறு. ஒரு ரூபாய்க்கும் இரண்டு ரூபாய்க்கும் தனியாக வாங்க இன்று ஒன்றுமில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. அந்த ஓராண்டு அலையிலேயே இந்தக் குத்திகள் கரைந்துவிட்டன. விலை பிறகு நிதானப்பட்டாலும் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. கடைகளில் மிச்சக்காசுக்குப் பதில் டொபி கொடுக்கிறார்கள். அவுஸ்திரேலியா 1992இல் ஒரு சதத்தையும் இரண்டு சதத்தையும் நிறுத்தி, மொத்தக் கணக்கைக் கிட்டிய ஐந்து சதத்துக்குச் சரிக்கட்டும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. கனடா 2013இல் ஒரு சதத்தைக் கைவிட்டது. நாமும் ஒன்று, இரண்டு ரூபாய்க் குத்திகளை வார்ப்பதை நிறுத்தி, சரிக்கட்டும் முறையைச் சட்டமாக எழுதிவைப்பதே நேர்மை. இப்போது எழுதாத சட்டமாக நடப்பதில் எப்போதும் வாங்குபவர்தான் இழக்கிறார். மிஞ்சும் உலோகத்தைக்கொண்டு 5, 10, 20, 50 என்று நான்கே குத்திகள் செய்யட்டும். நான்கும் நான்கு வடிவம், முடிந்தால் இரண்டு நிறம். ஐம்பது ரூபாய் குத்தியாக மாறினால் மீன் சந்தையின் அழுக்குத் தாள் பிரச்சினையில் பாதி அதோடு தீரும்.

பூச்சியம் குறைக்கும் யோசனை எனக்கு உடன்பாடில்லை. துருக்கி 2005இல் ஆறு பூச்சியங்களை வெட்டியது. கானா 2007இல் நான்கை வெட்டியது. துருக்கியில் ஒரு தேநீருக்கே இலட்சக்கணக்கில் லீரா எண்ண வேண்டியிருந்தது. அதுவும் அவசரப்பட்டுச் செய்யவில்லை: ஓராண்டு முழுவதும் பழையதும் புதியதும் கூடவே புழங்கின, அதன் பிறகும் பத்தாண்டுகள் மத்திய வங்கி மாற்றிக்கொடுத்தது. நம் நிலைமை அவ்வளவு கேவலமானதல்ல. ஒரு கிலோ அரிசியின் விலையை மூன்று இலக்கத்தில் சொல்லிவிடுகிறோம். 5000 ரூபாய்த் தாள் 2011இல் ஏறத்தாழ 45 டொலர் பெறுமதியாக இருந்தது, இன்று 20 டொலருக்கும் கீழே நிற்கிறது. இந்த இழப்பு வேதனையானது. பூச்சியத்தை வெட்டினால் அதில் ஒரு சதம்கூடத் திரும்பி வராது. வாப்பாவும் உம்மாவும் விலைகளையெல்லாம் புதிதாகப் படிக்க வேண்டிவரும், மாற்றும் நாட்களில் கணக்குத் தெரியாதவர் ஏமாறுவார், அவ்வளவுதான் மிச்சம்.

படத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ‘புதிய வடிவம்’ என்றதும் எல்லோரும் நினைப்பது அதைத்தான். நம் தாள்களில் அரசர் ஆறாம் ஜோர்ஜ் இருந்தார், பிறகு எலிசபெத் மகாராணி. 1956இல் மகாராணியை எடுத்துவிட்டு அரச இலச்சினையைப் போட்டார்கள். 1960களின் தொடக்கத்தில் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க, அதன்பின் பராக்கிரமபாகு. ஆட்சி மாறும்போது காசின் முகமும் மாறியது. 2009இல் வந்த 1000 ரூபாய் ஞாபகார்த்தத் தாளில் ஒரு புறம் அப்போது பதவியிலிருந்த ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச, மறுபுறம் கொடியேற்றும் படையினர். போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் வாழும் ஊர்களில் அந்தத் தாளைச் சம்பளமாக வாங்கிச் சாமான் வாங்க வேண்டியிருந்தது. காசை யாரும் வேண்டாமென்று திருப்பிக் கொடுக்க முடியாது. எல்லோரும் கட்டாயமாகச் சுமக்க வேண்டிய ஒன்றில், ஒருவருடைய துயரத்தை இன்னொருவருடைய வெற்றியாக அச்சிடக் கூடாது. பதவியில் இருப்பவரின் படம் காசில் வரவே கூடாது என்பதைச் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அழகான வழி நம்மிடமே இருந்தது. 1979இல் ஓவியர் லகி சேனநாயக்க வரைந்த தொடரில் மனித முகமே இல்லை. இலங்கையின் பறவையும் விலங்கும் செடியும் மட்டுமே. இன்றைய தொடரிலும் ஒவ்வொரு தாளிலும் ஒரு பறவையும் ஒரு வண்ணத்துப்பூச்சியும் உண்டு. அந்தப் பறவைகள் எந்தக் கட்சியிலும் இல்லை. ஐம்பது ரூபாய்த் தாளை எடுத்துப் பாருங்கள், மன்னம்பிட்டிப் பாலம் அதில் இருக்கிறது. புதிய பாலம் திறக்குமுன் ரயிலும் பஸ்ஸும் லொறியும் ஒரே பாலத்தில் மாறி மாறிக் கடந்த காலத்தை நம் பகுதியில் அறியாதவர் இல்லை. படுவான்கரை நெல்லும் வாழைச்சேனை மீனும் மேற்கே போனது அந்த வழியாகத்தான். ஐரோப்பியர்கள் யூரோத் தாளில் ஒரு நாட்டுப் பாலத்தைப் போட்டால் மற்ற நாடு கோபிக்கும் என்று, உலகில் எங்கும் இல்லாத கற்பனைப் பாலங்களை வரைந்தார்கள். பிறகு ஒல்லாந்தில் ஓர் ஊரார் அந்தப் பாலங்களை உண்மையிலேயே கட்டிவிட்டார்கள். நாம் நிசமான பாலத்தைப் போட்டோம், அதைப் பார்த்து யாரும் மனம் நோகவில்லை. படம் என்றால் இந்த வகையில் போகட்டும். மட்டக்களப்பு வாவியையும் ஒரு நாள் போடட்டும், மகிழ்வேன். அதற்காக இப்போது செலவழிக்கச் சொல்ல மாட்டேன்.

சுருங்கச் சொல்வதானால் மருமகனிடம் இப்படிச் சொல்லுங்கள்: குத்திகளை மாற்றத்தான் வேண்டும், அதுவும் விரைவாக. தாள்களில் 200ஐச் சேர்த்து, சிறியவற்றில் பொலிமரைச் சோதித்துப் பார்க்கலாம். மற்றவை போலி கட்டுக்கடங்காமல் பெருகும்வரை இருந்தபடியே இருக்கட்டும்.

இனி வீட்டுக்கும் கடைக்கும் வேண்டியவை. வாப்பாவுக்குக் கெட்டியான அட்டை ஒன்றில் அளவுகோல் செய்துகொடுங்கள். அட்டையின் ஒரு முனையை மடித்துத் தடுப்பாக்கி, அதிலிருந்து 128, 133, 138, 143, 148, 153 மில்லிமீற்றர் தூரங்களில் விளிம்பில் சிறு வெட்டுகள் இடுங்கள். தாளைத் தடுப்போடு பொருத்தி வைத்தால் மறுமுனை எந்த வெட்டில் நிற்கிறது என்று விரலால் தெரிந்துவிடும். 2000 ரூபாய்த் தாளைப் புதிதாக ஒன்று எடுத்து அளந்து அதற்கும் ஒரு வெட்டு இடுங்கள். மடிப்பு விழுந்த தாளை நீவிவிட்டு அளக்க வேண்டும். குத்திகளுக்கு லாச்சியில் தனித்தனிக் கிண்ணங்கள் வையுங்கள். வாப்பாவிடம் ஒன்று, இரண்டு ரூபாய் இல்லாமல் ஐந்தும் பத்தும் இருபதும் மட்டும் விட்டுப் போங்கள். ஐந்துக்கும் மற்ற இரண்டுக்கும் குழப்பம் வராது.

அவர் தனியாக இருக்கும் நேரத்தில் 5000 ரூபாய்த் தாளை வாங்க வேண்டாம் என்று வாசலில் எழுதி ஒட்டுங்கள். பார்வையற்றவரின் லாச்சியைத் தேடிப் போலித் தாளோடு வரும் நெஞ்சில்லாதவர்களும் உண்டு. நீங்கள் இருக்கும்போது வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: நீர்க்குறியில் அந்தத் தாளுக்குரிய பறவை தெரிய வேண்டும், பாதுகாப்பு இழை தாளுக்குள்ளே ஓட வேண்டும், அச்சு விரலுக்குச் சொரசொரப்பாகப் பட வேண்டும். சந்தேகமானால் இன்னொரு நல்ல தாளோடு ஒப்பிடுங்கள். போலி என்று தெரிந்தால் அதை வேறொருவரிடம் தள்ளிவிடாதீர்கள், அது குற்றம். அதிகம் தொடாமல் ஓர் உறையில் போட்டு, கொடுத்தவரின் அடையாளத்தை எழுதிவைத்துப் பொலிஸில் ஒப்படையுங்கள்.

உம்மாவின் காசை வங்கிக்குக் கொண்டுபோவதே நல்லது. செல்லாமற் போகும் என்பதற்காக அல்ல. 2004 டிசம்பர் 26ஆம் திகதி உங்கள் ஊரில் கடல் எவ்வளவு தூரம் வந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அன்று உயிர் தப்பியவர்கள் பலர் வீட்டில் வைத்திருந்த காசையும் நகையையும் கடலுக்குக் கொடுத்தார்கள். வட்டி வேண்டாம் என்றால் இஸ்லாமிய வங்கிப் பிரிவுகளில் கணக்குத் திறக்கலாம். உரிமம் பெற்ற வங்கியில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரையான வைப்புக்குக் காப்புறுதியும் உண்டு. உம்மா கேட்கும்போது அவர் கையில் எடுத்துக் கொடுக்கக்கூடியதாகச் சாதாரண சேமிப்புக் கணக்கிலேயே வையுங்கள். நீண்ட கால வைப்பில் போட்டு அவரை மீண்டும் பயப்படுத்த வேண்டாம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். மத்திய வங்கியின் நாணயத் திணைக்களத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம், தமிழில் பதில் கேட்பதும் உங்கள் உரிமை. கருத்துகளை நிறைய எழுத வேண்டாம். வாப்பா எந்தக் குத்தியை எந்தக் குத்தியோடு குழப்புகிறார், எந்தத் தாளின் புள்ளிகள் எவ்வளவு காலத்தில் அவர் விரலுக்குத் தெரியாமல் போகின்றன, 200 ரூபாய் இல்லாததால் ஒரு நாளில் எத்தனை தடவை மிச்சக்காசுக்குப் பக்கத்துக் கடைக்குப் போகிறீர்கள் என்று ஒரு வாரம் குறித்துவைத்து, அந்தக் குறிப்பை அப்படியே அனுப்புங்கள். அம்பாறை, மட்டக்களப்பு மாவட்டங்களில் பார்வையற்றோருக்கான சங்கங்கள் இருந்தால் அவர்களின் கையெழுத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரதியொன்றை எனக்கும் அனுப்பிவையுங்கள். என் கையெழுத்தோடு நானும் தனியாக ஒன்று அனுப்புகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, மட்டக்களப்பு